சாவி வைத்த பன்

வில்சன் கை கழுவுவதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே வல்லம் கூட்டு ரோட்டில் இருந்த அந்த பேக்கரிக்கு ஆட்கள் வருவார்கள். இரண்டு பக்கமும் பிடி வைத்த ஒரு பித்தளைக் குவளை. அதை வழிய வழிய மொண்டு, வலது கைக்கு ஒரு தரம், இடது கைக்கு ஒரு தரம், மறுபடியும் அப்படியே என்று ஊற்றுவார். சொட்டுச் சொட்டாய்க் கழுவுகிறவனுக்குச் சொட்டுச் சொட்டாய்த்தான் வரும், கை நிறைய ஊற்றுகிறவனுக்குக் கை நிறைய வரும் என்பது அவருக்குக் கிடைத்திருந்த தகவல். தண்ணீரோ லாரித் தண்ணீர்.

"கை நிறைய வர்றது எப்ப வேணா வரட்டும். டிரம்மு காலியாவுது, அத்த பாருங்க" என்பார் கிளாரா, அவர் மனைவி. குன்றத்தூர்க்காரர்.

போன வருஷக் கடைசியில் மஞ்சள் காமாலை வில்சனைக் கொண்டுபோய்விட்டது. நாற்பத்திரண்டு வயது. இறந்துபோனவரைப் பற்றிச் சொல்லும்போது அவர் பொறுமைசாலி, நிதானமானவர் என்று சொல்வது வழக்கம். வில்சனைத் தெரிந்த யாரும் அப்படிச் சொல்ல முடியாது. தேநீரைக் கொதிக்க வைத்துவிட்டு வாசலுக்குப் போவார். வாசலில் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுப்பு நினைவு வந்து உள்ளே ஓடுவார். உள்ளே போனதும் எதற்கு வந்தோம் என்று நிற்பார். அந்த மனிதர் பதினாறு வருஷம் ஒரே இடத்தில் நின்று, கடந்து போகும் உலோக வளையங்களில் ஒரே திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார் என்றால் நம்புவது கஷ்டம்.

ஊர் தெற்கே, நாசரேத் பக்கம். இங்கே ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தத் தொழிலாளியாக வந்தவர், ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருந்தார். அவர் நின்ற உற்பத்தி லைனை மூடியபோது முப்பத்தெட்டு வயது. வேறு கம்பெனிகளின் வாசலில் ஆள் எடுப்பவர்கள் பெயரைக் கேட்கும் முன்னால் வயதைக் கேட்டார்கள். இருபத்தைந்துக்கு மேல் வேண்டாம் என்றார்கள். பள்ளி விடுமுறைகளில் நாசரேத்தில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்த பழக்கம் மட்டும் கையில் இருந்தது. பழைய அடுப்பு ஒன்றை வாங்கி, ஷட்டர் போட்ட ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, 'எபிநேசர் பேக்கரி' என்று பலகை மாட்டினார். கிளாரா ஒரு மின்னணு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தார். முதல் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்குக் கடைக்கு வந்து மாவு கையோடு நிற்பார்.

கடை ஓடியது என்றும் சொல்ல முடியாது, நின்றது என்றும் சொல்ல முடியாது. அந்த நாட்களில்தான் யாக்கோபு தேநீர் குடிக்க வரத் தொடங்கினார்.

யாக்கோபு பென்னலூர்க்காரர். ஒன்பது வருஷம் இஸ்ரேலில், பக்தியுள்ள ஒரு யூதக் குடும்பத்தில், படுக்கையில் கிடந்த முதியவர் ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். திரும்பி வந்து வீடு கட்டி, மாடியில் நான்கு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். அந்த நான்கு அறைகள்தான் வில்சனின் கண்ணை உறுத்தின. யாக்கோபு அங்கே கண்டதைச் சும்மா கதையாகச் சொல்வார். வில்சன் ஒவ்வொன்றையும் மருந்துச் சீட்டு மாதிரி வாங்கிக்கொள்வார். அந்தக் கை கழுவலும் அப்படி வந்ததுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றும் முன் அந்த வீட்டம்மா ஒரு டப்பாவில் ஏழைகளுக்கென்று நாணயம் போடுவாராம். வில்சன் அன்றே ஒரு டப்பாவுக்குத் துளை போட்டார். குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வானத்திலிருந்து மன்னா என்ற உணவு பொழிந்த அதிகாரத்தை வாசிப்பார்களாம். ஒரு செவ்வாய்க்கே அவ்வளவு பலன் என்றால் எல்லாச் செவ்வாயும் வாசித்தால் என்ன என்று வில்சன் யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தை வாரா வாரம் வாசித்தார். அப்பத் துணுக்கு காலில் மிதிபட்டால் தரித்திரம் என்றார் யாக்கோபு. பேக்கரியில் விழும் துணுக்கைக் கேட்கவா வேண்டும்? வில்சன் ஒன்று விடாமல் பொறுக்கி ஒரு பெரிய டின்னில் சேர்த்தார். பத்தே நாளில் அந்த டின்னுக்கு எறும்பு வந்தது. எறும்புக்குப் பின்னால் எலி வந்தது.

"அங்க அவங்க தொடச்சி குப்பைல போடுவாங்கப்பா. சேத்துல்லாம் வெக்க மாட்டாங்க" என்றார் யாக்கோபு சாவகாசமாக.

"அத மொதல்லயே சொல்லப்பிடாதா?"

"நான் பாத்தத சொன்னேன். உன்ன செய்யச் சொன்னனா?"

இன்னொன்றை யாக்கோபு சொன்னபோது கிளாராவும் அங்கே இருந்தார். மனைவிக்கு நல்ல துணிமணி எடுத்துக் கொடுத்து மரியாதையாக வைத்திருப்பவன் வீட்டில்தான் செல்வம் தங்கும் என்று அவர்களுடைய பெரியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்களாம். வில்சன் அப்போது பார்த்து அடுப்பைக் கவனிக்க எழுந்து போனார்.

"இன்னாங்க, இது மட்டும் காதுல வுழலியா? துணுக்கு பொறுக்க மட்டும் நல்லா குனியிறீங்க!"

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு வழி திறந்தது. வல்லத்தில் கம்பெனிப் பெண்கள் தங்கும் பெரிய விடுதி ஒன்று இருக்கிறது. அதன் வார்டன் லூர்தம்மாள், மாலைத் தேநீரோடு கொடுக்கும் பன்னுக்குப் புதிய ஆள் தேடிக்கொண்டிருந்தார். கடையைப் பார்க்க அவர் நேரில் வந்தபோது எறும்பு வரிசை ஒன்று சுவரோரம் போய்க்கொண்டிருந்தது. அவர் அதையே கண்ணால் தொடர்ந்து போய், டின்னுக்கு முன்னால் நின்றார்.

"இன்னாப்பா இது?"

வில்சன் வாயைத் திறக்கும் முன் கிளாரா முந்திக்கொண்டார். "கோழிக்குப் போட எடுத்து வெச்சது மேடம். இப்பவே அப்புறப்படுத்திடறோம்."

லூர்தம்மாள் டின்னிலிருந்து கண்ணை எடுக்காமல் நிபந்தனை சொன்னார். ஈஸ்டர் முடிந்த திங்கள் முதல் ஆறு நாள், ஒரு பிளாக்குக்கு மட்டும், தினம் இருநூற்று நாற்பது பன். சரியாக இருந்தால் சனிக்கிழமை விடுதி முழுவதற்கும் ஆர்டர். இல்லாவிட்டால் கும்பிடு.

அவர் போனதும் கிளாரா டின்னைத் தூக்கி வெளியே வீசினார். "இந்த ஆர்டர் வந்தா கடை நிக்கும். இல்லேன்னா இந்த மாசத்தோட சாவிய ஓனர் கைல குடுத்துட்டு நீங்க மறுபடி கம்பெனி வாசல்ல நிக்கணும். அந்த ஆறு நாளைக்கு இஸ்ரேலு கிஸ்ரேலு ஒண்ணும் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

வில்சன் சத்தியம் செய்தார். செய்யும்போது மனதாரத்தான் செய்தார்.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. பன்னில் குறை இல்லை. ஆனால் வில்சனுக்குத் தூக்கம் இல்லை. பன் நன்றாக இருப்பது போதுமா? பதினாறு வருஷம் திருகாணியை நன்றாகத்தானே முடுக்கினார்? நன்றாகச் செய்தவனுக்கெல்லாம் நிலைக்கும் என்றால் லைன் ஏன் மூடியது? இதற்கெல்லாம் மேலே வேறெதுவோ ஒன்று வேண்டும், அதைச் செய்யாமல் விட்டால் பிறகு காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் அரித்தது.

புதன்கிழமை யாக்கோபு வந்தபோது அதற்கும் ஒரு வடிவம் கிடைத்துவிட்டது.

"பஸ்கா பண்டிகை முடிஞ்சு வர மொத ஓய்வுநாளு, சனிக்கெழம. அதுக்கு வெள்ளிக்கெழமையே ரொட்டி பின்னி வெப்பாங்க, சடை மாதிரி. அந்தம்மா அதுக்குள்ள வூட்டுச் சாவிய வெச்சிடும். மேல எள்ளு தூவும். வருஷம் பூரா வருமானத்துக்குக் கதவு தொறக்கும்னு ஒரு நம்பிக்கை."

"தொறந்துச்சா?"

"அந்தம்மா பையன் திட்டுவான். எந்த வேதத்துல கீது இது, கெழவிங்க கதைன்னு. அந்தம்மா காதுல போட்டுக்காது. பெரியவருக்குப் பல்லு கெடையாது. நான்தான் ரொட்டிய பிச்சி, நல்லா பாத்து, வாயில வெப்பேன்."

கடைசி வாக்கியத்தை வில்சன் கேட்கவில்லை. அவர் கைபேசியில் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்கா ஞாயிறோடு முடிந்திருந்தது. வரும் வெள்ளிதான் அந்த வெள்ளி. இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

தனியாக ஒரு ரொட்டி பின்னினால் கிளாராவுக்குத் தெரிந்துவிடும். அதனால் வெள்ளிக்கிழமை மதியம், ஷட்டர் பூட்டின் உபரிச் சாவியைக் கழுவி, அலுமினியத் தாளில் சுற்றி, உருட்டிய பன்களில் ஒன்றுக்குள் வைத்து மூடினார். இருநூற்று நாற்பதோடு கூடுதலாக ஒன்று, தனக்கு. அடையாளத்துக்கு அதன் தலையில் மட்டும் பால் தடவி எள் தூவினார். வெந்ததும் எடுத்து ஒளித்து வைத்துவிடலாம், நாளைக் காலையில் ஜெபம் பண்ணிச் சாப்பிடலாம் என்பது ஏற்பாடு.

மாவு பொங்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. யாக்கோபு சொன்னது வீட்டுச் சாவி. இவர் வைத்திருப்பது கடைச் சாவி. அது செல்லுமா? தாளில் சுற்றியது சரியா? கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று பைக்கை எடுத்துக்கொண்டு பென்னலூருக்குப் போனார். யாக்கோபு வீட்டில் இல்லை, குன்றத்தூருக்குப் போயிருந்தார். கைபேசியும் அணைந்திருந்தது. இதோ வந்துவிடுவார் என்று வாசலில் பத்து நிமிஷம், தெருமுனையில் பத்து நிமிஷம், மறுபடி வாசலில் பத்து நிமிஷம். திரும்பும் வழியில் கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்துக்கொண்டிருந்தன.

கடைக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலு பத்து. தட்டுகள் காலியாக இருந்தன. கிளாரா அவற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பன்னு எங்க?"

"நல்லா கேட்டீங்க. நான் வந்து பாக்கறேன், மாவு பொங்கி வழியற மாதிரி நிக்குது, ஆளக் காணோம். இன்னும் கொஞ்சம் வுட்டா புளிச்சிருக்கும். நானே வேக வெச்சி லோடு ஆட்டோல ஏத்தி வுட்டுட்டேன். ஒரு பன்னு கூட இருந்துச்சி, அதையும் சேத்து அனுப்பிட்டேன்."

"எள்ளு?" என்றார் வில்சன்.

"அதையும் சொல்லணும். ஒரே ஒரு பன்னுக்கு எள்ளு போட்டுட்டு அப்படியே எழுந்து ஓடிட்டீங்க. எதத்தான் முடிச்சிருக்கீங்க நீங்க? வார்டன் மேடத்துக்கு அழகா இருக்கட்டும்னு மிச்சம் எல்லாத்துக்கும் நான் போட்டேன்."

வில்சன் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். பிறகு சொன்னார்.

கிளாரா கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"சாவின்னா எவ்ளோ பெருசு?"

வில்சன் விரலில் காட்டினார். "ஏ கிளாரா, எடை போட்டுப் பாத்தா கண்டுபிடிச்சிரலாம்லா? சாவி இருக்கது கூடுதலா நிக்கும்."

"உங்க பன்னு ஒவ்வொண்ணும் ஒரு எடை. எதக் கூடுதல்னு எடுப்பீங்க?"

வில்சன் மணி பார்த்தார். "அஞ்சு மணிக்குத்தான் டீ குடுப்பாவ. ஒருவேள… கையில பிடிக்கும்போதே தெரிஞ்சிரும். எவளாவது எடுத்துத் தூரப் போட்டுருவா. நாம போயிச் சொன்னோம்னா நாளைக்கு ஆர்டர்…"

"எங்க கம்பெனில ஆயிரத்துல ஒண்ணு சந்தேகம்னா மொத்த லாட்டையும் நிறுத்துவாங்க. அது பிளாஸ்டிக்கு. இது புள்ளைங்க வாய்ல போறது. வண்டிய எடுங்க."

விடுதிக்குப் போகும் அந்த மூன்று கிலோமீட்டரில் வில்சன் நான்கு முறை வார்டனை அழைத்தார். எடுக்கவில்லை. உணவுக்கூடத்தில் பன் கூடைகள் மேஜைமேல் இருந்தன. லூர்தம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கி விட்டுக்கொண்டு வந்தார். வில்சன் கூடையின் மேல் இரண்டு கையையும் விரித்து நின்றபடியே சொல்லி முடித்தார். வரிசையில் நின்ற பெண்கள் சிலர் சிரித்தார்கள். லூர்தம்மாள் சிரிக்கவில்லை.

"எல்லாத்தையும் பிய்ங்க" என்றார்.

கிளாரா முதல் பன்னை எடுத்தார். வில்சன் எடுத்தார். சமையல்காரப் பெண்கள் எடுத்தார்கள். எள் உதிர்ந்து மேஜையெல்லாம் பரவியது. இருநூற்று ஒரு பன்கள் பிய்ந்து குவிந்தன. சாவி இல்லை.

"மிச்சம் நாப்பது?" என்றார் கிளாரா.

லூர்தம்மாளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "ஐயோ, ஓவர்டைமுக்குப் போற புள்ளைங்க! நாலரை பஸ்ஸுல குடுத்து அனுப்பிட்டேனே. எட்டு மணி பிரேக்ல துன்றதுக்கு."

பஸ்ஸில் யாரிடமாவது பேசலாம் என்றால், கம்பெனிக்குள் விடமாட்டார்கள் என்பதால் கைபேசிகளை அறையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வில்சன் பைக்கை எடுத்தார். ஒரகடம் மேம்பாலத்துக்கு முன்னால் கார்களைச் சுமந்து போகும் நீண்ட டிரெய்லர்கள் இரண்டு திரும்ப முடியாமல் குறுக்கே நின்றன. அன்றைக்கு அவருக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம் அதுதான். பஸ் அவற்றுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. பைக்கை ஓரத்தில் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். ஓட்டுநர் திட்டிக்கொண்டே திறந்தார்.

"பன்ன யாரும் கடிக்காதிய! பிச்சுப் பாருங்க, எல்லாரும் பிச்சுப் பாருங்க!"

பெண்கள் மடியிலிருந்த பன்னைப் பார்த்தார்கள்.

"ஏன்ணே, பல்லி கில்லி விழுந்துட்டா?" என்றது ஒரு குரல்.

"பல்லி இல்ல தாயி. சாவி."

சிரிப்பு வெடித்தது. "இன்னிக்குச் சாவியா? அப்ப பூட்டு நாளைக்கா?" என்றாள் ஒருத்தி. "எந்த வீட்டுச் சாவிண்ணே? மாப்பிள்ளையும் சேர்த்தா?" என்றாள் இன்னொருத்தி. சிரித்துக்கொண்டே பிய்த்தார்கள். பின்வரிசையில், ஜன்னலோரம், தங்கமாரி என்ற பெண் சிரிப்பை நிறுத்தினாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வில்சன் கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ரஸ்க் வாங்குபவள். அவள் கையில் பளபளவென்று ஒரு சிறிய பொட்டலம்.

அவள் தாளைப் பிரித்துச் சாவியைப் பார்த்தாள். பிறகு வில்சனைப் பார்த்தாள்.

"எட்டு மணி பிரேக் பத்து நிமிசம்ணே. கை கழுவிட்டு வாறதுலயே அஞ்சு போயிரும். பேசிக்கிட்டே ரெண்டு கடியில முழுங்குவேன் நான்."

வில்சன் சாவிக்குக் கை நீட்டினார். அவள் தரவில்லை.

"எதுக்கு வச்சிய?"

"யாவாரம் நல்லா வரணும்னு தாயி. யூதங்க பழக்கம்."

"அவிய வீட்டு ரொட்டியில, அவிய சாப்புடத்தான வச்சிருப்பாவ?" என்றாள் தங்கமாரி. "உங்க அதிர்ஷ்டத்த எங்க வயித்துல வச்சா பாத்திய?"

சாவியை அவர் கையில் போட்டாள். டிரெய்லர் நகர்ந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். வில்சன் இறங்கினார். அது அவளுக்குப் போக இருந்ததல்ல, தனக்கென்று வைத்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

அவர் திரும்பி வந்தபோது உணவுக்கூடத்தில் பெண்கள் பிய்ந்த பன்னைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். வில்சன் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"எள்ளு நான்தான் போட்டேன் மேடம்" என்றார் கிளாரா. "போடாம இருந்திருந்தா எதுன்னு தெரிஞ்சிருக்கும்."

"சாவி நான்தான் வச்சேன்" என்றார் வில்சன். "அவளுக்கு இது தெரியவே தெரியாது."

லூர்தம்மாள் சாவியைத் தொடவில்லை. "எங்க மணிமங்கலத்துப் பக்கம் அந்தோணியார் கோயில்ல செவ்வாக்கெழமை அப்பம் குடுப்பாங்க. எத்தினி வருசமா வாங்கித் துன்றேன். அதுல ஆணியும் இருந்ததில்ல, சாவியும் இருந்ததில்ல. புள்ளைங்களுக்கு இன்னா ஆவும்னு ஒரு நிமிசம் யோசிச்சியாப்பா?"

"இல்லம்மா" என்றார் வில்சன். அது உண்மை.

லூர்தம்மாள் மேஜை மேஜையாகப் போய்ப் பெண்களின் தட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தார். வில்சன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார்.

"நீயா வந்து சொன்ன. அதுக்காகக் கதவ அடிச்சு சாத்தல. ஆனா வேற எடத்துல சுட்டு எடுத்தார பன்ன இனிமே நான் அப்படியே குடுக்க முடியாது. நீ தெனம் இங்க வரணும். ஒவ்வொரு பன்னையும் எங்கண்ணெதிர்ல குறுக்கால அறுக்கணும். அறுத்து உள்ள காட்டணும். முழு விடுதி ஆர்டர்லாம் அப்புறம் பேசலாம். இந்த ஒரு பிளாக்கு மட்டும். முடியுமா?"

"அறுத்தா காஞ்சிரும்மா."

"காயறதுக்குள்ள துன்னுடுவாங்க. நீ சீக்கிரம் அறு."

"எத்தன நாளைக்கு?"

"எனக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும்."

மறுநாள் சனிக்கிழமை நாலரை மணிக்கு வில்சன் ஒரு ரொட்டிக் கத்தியோடு உணவுக்கூடத்துக்கு வந்தார். ஒரு ஸ்டீல் மேஜை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே லூர்தம்மாள் வருகை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வில்சன் ஒரு பன்னை எடுத்து, அறுத்து, இரண்டு பாதியையும் விரித்துக் காட்டினார். அடுத்தது. இருநூற்று நாற்பது பன்களுக்கு முக்கால் மணி நேரம். நடுவில் எழ வழியில்லை. மேஜைக்கடியில் அவருடைய முழங்கால் ஓயாமல் ஆடியது. "சாவிண்ணே" என்று வரிசையில் யாரோ கூப்பிட, எல்லாரும் சிரித்தார்கள். தங்கமாரி தன் பன்னை வாங்கி, அறுத்த பன்னையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அவள் தினமும் அப்படித்தான் செய்தாள்.

ஒரு பிளாக்கின் ஆர்டரில் கடை அந்த மாதம் மூடாமல் தப்பியது. அடுத்த மாதமும் தப்பியது. யாக்கோபு தேநீருக்கு வந்தால் வில்சன் மழையைப் பற்றிப் பேசினார்.

ஏழாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, நூற்றுச் சொச்சம் பன் அறுத்த பிறகு அவர் கத்தியைக் கீழே வைத்து விரல்களை நீவிக்கொண்டார்.

"லூர்தம்மா, இன்னுமா நம்பிக்க வரல?"

லூர்தம்மாள் அட்டைகளிலிருந்து தலையைத் தூக்காமல், "வந்துகினு கீது. அறுப்பா" என்றார்.

வில்சன் அடுத்த பன்னை எடுத்தார்.